பொரிப்பகத்துக்கு முன் வளர்ப்புக் குளம்

அனைவருக்கும் வணக்கம்.

ஏரியில் மீன் பெருக வேண்டும் என்று ஊரே கூடி ஒரு குஞ்சு பொரிப்பகம் நடத்த முன்வருவது எளிய காரியமல்ல. போடும் உழைப்பு ஏரி வரை போய்ச் சேர வேண்டுமே என்ற அக்கறையில் முதலில் ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு கன மீட்டர் ஓடும் நீரில் 7 முதல் 10 லட்சம் கெண்டை முட்டைகளைப் பொரிக்க வைக்கலாம். சிறு வட்டத் தொட்டி ஒன்றே போதும். நான்கு நாளில் பத்து லட்சம் நுண்குஞ்சு கையில் இருக்கும். அவற்றை விடும் நாற்றங்கால் குளம் ஏக்கருக்கு 12 முதல் 20 லட்சம் வரை தாங்கும். ஆக அரை ஏக்கருக்கு மேல் வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் அங்கே தேறுவது 30 முதல் 50 சதவீதம்; நான்கு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவை விரலளவு குஞ்சாக வளர இரண்டு, மூன்று மாதம் ஆகும். அப்போது ஏக்கருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் விடக்கூடாது. நான்கு ஏக்கர்! பொரிப்பகக் கட்டடத்துக்குப் பணம் சேர்ந்துவிடுகிறது, இந்த நான்கு ஏக்கருக்குச் சேர்வதில்லை. இடமில்லாத நிலையில் நுண்குஞ்சையே ஏரியில் கொட்டிவிடுகிறார்கள். விராலும் வாளையும் இருக்கும் ஏரியில் 6 மில்லிமீட்டர் குஞ்சை விடுவது அவற்றுக்குத் தீனி போடுவதே. பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சு ஏரிக்குப் போகக் கூடாது. நிலம் கிடைக்காத இடத்தில் ஏரிக்குள்ளேயே மிதவைக் கூண்டு கட்டி வளர்க்கலாம். வலைக்கண் சிறிதாக இருக்கும், பாசி அடைக்கும். வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவ ஆள் வேண்டும்.

நாம் வளர்க்கும் கெண்டைகளான கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வெள்ளம் வந்த ஆற்றில் முட்டையிடுபவை. தேங்கிய நீரில் சினை முற்றினாலும் முட்டையிடாது. 1957-இல் ஒடிசாவின் அங்குலில் மீன்வள அறிஞர்கள் ஹிராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் மீனின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு செலுத்தி முட்டையிட வைத்த பிறகுதான் இவற்றின் குஞ்சுக்கு ஆற்றை நம்பியிருக்கும் நிலை மாறியது. இந்த மீன்களை ஏரியில் வளர்ப்பதானால் ஆண்டுதோறும் குஞ்சு விட்டாக வேண்டும் என்பதும் இதிலிருந்து வருவதுதான்.

இன்று ஆயத்த ஹார்மோன் கிடைக்கிறது. பெண் மீனுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மில்லி, ஆணுக்கு 0.1 முதல் 0.2 மில்லி, மாலையில் ஒரே ஊசி. வயிற்றை மெல்ல அழுத்தினால் பால்போல் விந்து வராத ஆணுக்கு ஊசி போட்டுப் பயனில்லை. இரண்டு இனங்களை ஒரே தொட்டியில் ஒரே இரவில் விடாதீர்கள். கட்லாவும் ரோகுவும் கலந்து கலப்பினக் குஞ்சு வரும். குஞ்சாக இருக்கையில் பிரித்தறிய முடியாது, பின்னர் அதுவே தாய் மீனாகித் தொடரும்.

தாய் மீன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முப்பது பெண்ணுக்கு இரண்டே ஆண் என்று சிக்கனம் பார்த்தால் என்ன ஆகும்? நான்கு பெருக்கல் ஆண் பெருக்கல் பெண், அதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பயனுறு எண்ணிக்கை வரும். இங்கே அது ஏழரை. உங்களிடம் 32 மீன் இருந்தும், மரபு வளத்தில் அது ஏழரை மீனுக்குச் சமம். ஒரு தலைமுறையிலேயே உள்ளினக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவு மீன்கள் கலப்பது, ஆறரை சதவீதத்துக்கு மேல் ஏறும். அதே 32 மீனில் பாதி ஆண், பாதி பெண் என்றால் ஒன்றரை சதவீதம்தான். இந்த எண்ணிக்கை 50-க்குக் கீழே இறங்காமல் பார்ப்பது நல்லது. ஏரியில் விட்ட குஞ்சே வளர்ந்து மறுபடி தாய் மீனாக உங்களிடம் வரும்போது இந்தச் சிக்கனத்தின் விலை தெரியும்: வளர்ச்சி குன்றும், வளைந்த முதுகெலும்பு தென்படும்.

பொரிப்புத் தொட்டியில் கவனம் முழுவதும் நீரோட்டத்தில். 28 டிகிரி வெப்பத்தில் 14 முதல் 18 மணி நேரத்தில் முட்டை பொரியும். அதுவரை முட்டைகள் ஓரிடத்தில் குவியாத அளவுக்கு ஓட்டம் வேண்டும். பொரியும் நேரத்தில் நொடிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டராகக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் வலுவில்லாத குஞ்சு வலைச்சுவரில் மோதிச் சாகும். பொரிந்ததும் மீண்டும் கூட்ட வேண்டும், நீந்தத் தெரியாத குஞ்சு அடியில் படிந்து மூச்சு முட்டும். மின்சாரம் போய் மோட்டார் நின்றாலும் இதேதான் நடக்கும். எனவே ஜெனரேட்டரை மட்டும் நம்பாமல், சில மணி நேரத்துக்குத் தானாக நீர் இறங்கும்படி மேல்நிலைத் தொட்டி வையுங்கள். நான்கு இரவும் இருவர் விழித்திருக்கும் முறைப்பட்டியல் போடுங்கள். மூன்றாம் நாளில் குஞ்சின் வயிற்றில் உணவாக இருக்கும் கருவூண் பை வற்றும். அதற்குப்பின் தொட்டியில் வைத்திருந்தால் பட்டினிதான்.

நாற்றங்கால் குளத்தைச் சுண்ணாம்பும் சாணமும் இட்டு, நுண்ணுயிர் மிதவைகள் பெருகிய பிறகு குஞ்சு விடுவது பலருக்கும் தெரியும். தவறுவது பூச்சியில். முதுகுநீச்சல் பூச்சி குஞ்சைக் குத்தி உறிஞ்சிவிடும். ஏக்கருக்கு 22 கிலோ மலிவான தாவர எண்ணெயை 7 கிலோ சோப்புடன் கலக்கி, குஞ்சு விடும் முந்தின நாள் தெளித்தால் மேல்நீரில் படலம் கட்டும்; மூச்செடுக்க மேலே வரும் பூச்சி மடியும். காற்றடிக்கும் நாளில் தெளித்தால் படலம் ஒரு கரைக்கு ஒதுங்கும், எண்ணெய் வீண். பிறகு சலித்த கடலைப் புண்ணாக்கும் தவிடும் சம எடையில், பத்து லட்சம் குஞ்சுக்கு நாளுக்கு 6 கிலோ. ஆறாம் நாளிலிருந்து 12 கிலோ.

ஏரிக்கு எத்தனை? எக்டேருக்கு ஆண்டில் 100 கிலோ எதிர்பார்த்து, அரைக் கிலோவில் பிடிப்பதானால் 200 மீன். விட்டதில் பாதி தேறும் என்றால் 400 குஞ்சு. அதற்குமேல் விட்டால் எல்லாம் மெலிந்து நிற்கும். ஏற்றும் முன் ஒருநாள் தீனியை நிறுத்துங்கள். பையில் கழிவு சேர்ந்தால் அம்மோனியா கொல்லும். பையை ஏரி நீரில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, பின் கொஞ்சம் கொஞ்சமாக ஏரி நீரைச் சேர்த்து, மாலையில், பல இடங்களில் பிரித்து விடுங்கள். கலிங்கு வழிந்துகொண்டிருக்கும்போது வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பத்து சென்டிமீட்டர் விதிக்கு விலக்காக, எந்த அளவுக் குஞ்சு நன்றாகத் தேறுகிறது என்று பார்க்க ஒரு சோதனை. எட்டு சென்டிமீட்டரில் ஆயிரம் குஞ்சுக்கு இடது இடுப்புத் துடுப்பையும், பன்னிரண்டு சென்டிமீட்டரில் ஆயிரம் குஞ்சுக்கு வலதையும் அடியோடு வெட்டி, ஒரே நாளில் விடுங்கள். நுனியை மட்டும் வெட்டினால் மறுபடி வளர்ந்துவிடும். மீன் இறங்கும் கரையில் ஒரு பலகை வைத்து, ஒவ்வொரு நாளும் பிடிபட்டதில் இடது எத்தனை, வலது எத்தனை என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு குஞ்சை எந்த அளவு வரை வளர்த்து விடுவது என்பதை அந்தப் பலகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.