கேட்டுவிட்டுத் தொடுங்கள்: மாற்றுத்திறனாளிகளைக் கவனித்துக்கொள்ள வருகிறவர்களுக்கு

[காட்சி: சாயல்குடிப் பக்கம், பனங்காட்டை ஒட்டிய ஒரு வீடு. வாசலில் வீல்சேர்.]

வணக்கம். நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் பனையேறும் தொழில் நடக்கிற ஊர்களில், மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்களைப் பார்க்கலாம். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த பிள்ளைகள், பார்வையில்லாதவர்கள், காது கேளாதவர்கள், மனநோயோடு வாழ்கிறவர்கள் என்று இன்னும் பலர் இருக்கிறார்கள். இவர்களைக் கவனிக்க வருவது யார்? கூலிக்கு வருகிற அடுத்த தெரு அக்கா, ஹோம் நர்ஸ், சிறப்புப் பள்ளி ஆயா, காப்பகத்தில் வேலை பார்க்கிற தம்பி. இவர்களில் பலருக்கு இந்த வேலையை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தந்ததில்லை. இந்த வீடியோ அவர்களுக்குத்தான்.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம். உடம்பு நாம் கவனிக்கிறவருடையது, அன்றைய பொழுதும் அவருடையது. எதை எப்போது செய்ய வேண்டும் என்று அவர் சொல்லட்டும். அதைச் செய்து கொடுக்கத்தான் நாம் போகிறோம்.

[காட்சி: கட்டிலில் ஒருவர். பக்கத்தில் உதவியாளர் குனிந்து பேசுகிறார்.]

"அண்ணே, இப்போ குளிக்கலாமா? இல்ல காப்பி குடிச்சிட்டுக் குளிக்கிறீங்களா?" இப்படித்தான் நாள் தொடங்க வேண்டும். போர்வையை உருவிவிட்டு, வாளியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு "வாங்க" என்றால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அவர் அங்கே ஒரு சாமான் மாதிரி ஆகிவிடுகிறார்.

கூப்பிடுகிற முறையும் அப்படித்தான். நாற்பது வயதுக்காரரை "பிள்ளை", "அவன்" என்று பேசுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் எதிரிலேயே நம்மைப் பார்த்து, "சாப்பிட்டானா?" என்று கேட்பார்கள். அவர் நல்ல உடம்போடு இருந்தால் அண்ணே என்றோ, மாமா என்றோ, காக்கா என்றோதானே கூப்பிட்டிருப்போம்? அதே முறையில் கூப்பிடுங்கள். யாராவது உங்களிடம் கேட்டால், "அண்ணன்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

குளிப்பாட்டும்போது கதவைச் சாத்துங்கள். கிடுகு வைத்த வீடு, கதவு இல்லை என்றால் ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டுங்கள். பெண்ணாக இருந்தால் பெண் உதவியாளர்தான் வேண்டும் என்று அவர் கேட்பதற்கு முன்பே வீட்டார் ஏற்பாடு செய்ய வேண்டும். கழுவாத பகுதியைத் துண்டால் மூடி வைத்துக்கொண்டே கழுவலாம். உணர்ச்சியில்லாத காலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றும் முன் உங்கள் முழங்கையில் விட்டுப் பாருங்கள், ஏனென்றால் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. வெயிலில் நின்ற வீல்சேரின் இரும்பும் அப்படித்தான் தொடையைச் சுட்டுவிடும். இங்கே பல வீடுகளில் கிணறு உப்பு, நல்ல தண்ணீர் குடம் கணக்கில் வருவது. உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினாலும் கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றி, மடிப்புகளில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள்.

[காட்சி: படுக்கை விரிப்பைத் தட்டி, இழுத்துச் சீராக்கும் கைகள்.]

இனி படுக்கைப் புண். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் அடிபட்டுப் பிழைத்து வீடு வந்தவரை அப்புறம் இந்தப் புண் கொண்டுபோய்விடுகிறது.

உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் நிற்கும். ஓட்டம் நின்ற சதை சாகும். நமக்கு வலிக்கும், புரண்டு படுத்துவிடுவோம். அவருக்கு வலியும் தெரியாது, புரளவும் முடியாது. அதனால் படுக்கையில் இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள், ராத்திரியிலும் சேர்த்துத்தான். வீல்சேரில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்பியோ, முன்னால் சாய்ந்தோ இடுப்பின் பாரத்தைக் குறைக்க வேண்டும்.

தினமும் குளித்த பிறகு வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால் எல்லாவற்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு சுலபமாகத் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுவும் அறிகுறிதான். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் உள்ளே இன்னும் கிழியும். பாரம் படாமல் வைத்து, நர்ஸிடம் காட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலிநிவாரணச் சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, அடிக்கிற காலத்தில் மணல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். விரிப்பில் மணலோ, சுருக்கமோ, கைலியின் முடிச்சோ முதுகுக்கடியில் இருந்தால் அதுவே புண்ணுக்கு வழி. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் விரிப்பைத் தட்டி இழுத்துவிடுங்கள்.

[காட்சி: யூரின் டியூப் மடங்கியிருப்பது பெரிதாக.]

முதுகுத்தண்டு மார்பின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்டவரைக் கவனிக்கிறவர்கள் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவருக்குத் திடீரென்று தலை விண்விண் என்று வலித்து, முகம் சிவந்து, கழுத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டினால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். டியூப் மடங்கியிருக்கும், மூத்திரப்பை நிறைந்திருக்கும், மலம் கட்டியிருக்கும். படுத்திருந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்க விடுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். டியூப்பை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்து மடிப்பை எடுங்கள், பை நிறைந்திருந்தால் காலி செய்யுங்கள். அடங்கவில்லை என்றால் 108. வருகிறவர்களிடம் முதுகுத்தண்டு காயம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

[காட்சி: மணலில் புதையும் வீல்சேரின் முன்சக்கரங்கள்.]

சரி, வெளியே போகலாம். அவருக்கும் கடற்கரைக்குப் போக, வலை இழுப்பதைப் பார்க்க, கூட்டத்தில் நின்று பேச ஆசை இருக்கும். பாதுகாப்பு என்ற பேரில் நாலு சுவருக்குள் வைத்திருப்பதை நான் நல்ல கவனிப்பு என்று சொல்ல மாட்டேன். மணலில் வீல்சேரை முன்னால் தள்ளினால் சின்னச் சக்கரம் புதைந்து அவர் கவிழ்ந்துவிடுவார். வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் போகிற மாதிரி பின்பக்கமாக இழுங்கள். இழுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து, சக்கர அச்சில் எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று துருவாக்கிவிடும்.

பார்வையில்லாதவரோடு நடந்தால் அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள்.

[காட்சி: சாப்பாட்டுத் தட்டு. மீன் குழம்பு, சோறு.]

சாப்பாடு. மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நேராக உட்கார வைத்து, தாடை லேசாகத் தாழ்ந்திருக்க, நீங்களும் அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்து, சின்னக் கரண்டியில் கொடுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்து வாங்குவார், சோறு மூச்சுக்குழாய் பக்கம் போகும். முந்தின வாய்ச் சோற்றை விழுங்கியாச்சா என்று பார்த்துத்தான் அடுத்தது. தண்ணியாக இருக்கிற கஞ்சிதான் சுலபம் என்று நினைக்கிறோம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அது சட்டென்று ஓடிப் புரையேறும். பலருக்குக் கெட்டியான கூழ் நன்றாக இறங்கும். எது சரி என்று பேச்சுப் பயிற்சியாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) ஒருமுறை கேட்டுவிடுங்கள். மீனைத் தட்டிலேயே உதிர்த்து, விரலால் நசுக்கி முள் பார்த்த பிறகு பிசையுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

சோறு வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் அதுவும் ஒரு பதில்தான். வாயைத் திறக்க வைத்துத் திணிக்காதீர்கள்.

[காட்சி: திருவிழா ஒலிபெருக்கி. காதைப் பொத்திக்கொள்ளும் இளைஞர்.]

பேச்சு வராத ஒருவர் திடீரென்று தலையை முட்டிக்கொள்கிறார், கடிக்கிறார். "அடம்" என்று முடிவு கட்டும் முன் பல், காது, வயிறு பாருங்கள். பல்வலியை அவர் வேறு எப்படிச் சொல்வார்? சந்தனக்கூடு, சர்ச் திருவிழா என்று மைக் செட் போடுகிற நாட்களில் ஆட்டிசம் உள்ளவருக்கு அந்தச் சத்தமே வலி. அன்றைக்கு அவரை ஊரின் மறுபக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்க வைக்க முடியுமா என்று முன்கூட்டியே பேசுங்கள்.

அடக்குவதற்காகக் கட்டிப்போடக் கூடாது. இதை இந்த மாவட்டத்தில் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. காப்பகத்தில் வேலை பார்க்கிற தம்பி, தங்கைகளே, மேலே உள்ளவர் கட்டச் சொன்னாலும் கட்டாதீர்கள். ராத்திரியில் கதவுச்சாவி எங்கே இருக்கிறது, எத்தனை பேரால் தானாக எழுந்து வெளியே வர முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் புயல் பயம் சேர்ந்துகொள்ளும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் மைக்கில் சொல்வது காது கேளாதவருக்குப் போய்ச் சேராது. நேரில் போய் முகத்துக்கு வெளிச்சம் படும்படி நின்று, சைகையிலோ எழுதிக் காட்டியோ சொல்லுங்கள். நடக்க முடியாதவரைக் கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, முதல் ஆளாக அவரைக் கிளப்புங்கள். ஒரு வாரத்து மாத்திரை, டியூப், அடையாள அட்டை ஜெராக்ஸ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் தயாராக இருக்கட்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டால் இரண்டு பேருக்குமே கஷ்டம். முழங்காலை மடக்கித் தூக்குங்கள், கனமானவரைத் தனியாகத் தூக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு கேளுங்கள். வீட்டார் அதைக் கொடுக்க வேண்டும், கூலியும் மரியாதையாகக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு நாளைக்குப் புது ஆள் வரும்போது, சொல்லித் தருகிற வேலையை நீங்கள் கவனிக்கிறவரிடமே விடுங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் வலிக்கும், டியூப்பை எங்கே ஒட்ட வேண்டும், காப்பியில் சீனி எவ்வளவு என்பதெல்லாம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் சொல்லி முடித்த பிறகு, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அவரைக் கேட்டுக்கொண்டு நீங்கள் சொல்லுங்கள்.