குடியாத்தம்னு சொன்னேன், உள்ள கூப்ட்டாங்க

(ஜூலை 15, குடியாத்தத்துல பேசினது, பேசினபடியே)

எல்லாருக்கும் வணக்கம். மைக்கு கொர்ருங்குது, பரவால்ல, நமக்கு தொண்டை இருக்கு.

காமராஜர்னாலே மதிய உணவு, அணைக்கட்டுன்னு ஆரம்பிப்பாங்க, நான் ஒரு தண்ணிக் குழாய்ல ஆரம்பிக்கறேன்.

போன மாசம் விருதுநகர் போயிருந்தேன். காட்பாடில ராத்திரி ரயில் ஏறி மதுரைல இறங்கி பஸ் புடிச்சு போனா, ஆட்டோக்காரர் "அண்ணாச்சி, தெரு குறுகல், முக்குலயே இறக்கி விடுதேன்"னுட்டாரு. ஒம்பது வருஷம் முதலமைச்சரா இருந்தவர் பொறந்து வளந்த வீடு, நான் பெரிய திண்ணை, தூணுன்னு மனசுல ஒண்ணு கட்டி வச்சிருந்தேன், பாத்தா நம்மூரு நெசவுக்காரங்க வீடு கணக்கா இருக்குது, ஒரு தறி போட்டா பாய் விரிக்க எடம் தேடணும். செவுரு பூரா போட்டோ. அவருக்கு ஆறு வயசுல அப்பா குமாரசாமி செத்துட்டாரு, சிவகாமி அம்மா தோடு ஒண்ணத் தவிர மத்த நகைய வித்து, அந்தப் பணத்த ஒரு வியாபாரிகிட்ட போட்டு, வர்ற வட்டில புள்ளைங்கள வளத்தாங்க. அந்த அம்மா போட்டோ முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

இப்ப நம்ம ஊரு கதை. 1940 கடைசில அவர கைது பண்ணி எங்க வச்சாங்க? நம்ம வேலூர் ஜெயில்ல. உள்ள இருக்கும்போதே 1941ல விருதுநகர் நகராட்சிக்கு அவர சேர்மனா தேர்ந்தெடுத்துட்டாங்க. வெளிய வந்தாரு, நேரா போனாரு, முழுசா செய்ய முடியாத வேலை எனக்கெதுக்குன்னு ராஜினாமா பண்ணிட்டாரு. இன்னிக்கி ஒரு வார்டு கவுன்சிலர விடச் சொல்லிப் பாருங்க!

அதே நகராட்சி பின்னாடி, முதலமைச்சர் அம்மாவாச்சேன்னு வீட்டுக்குள்ள தனிக் குழாய் போட்டுக் குடுத்துச்சாம், இவரு வந்து பாத்துட்டு, எடுத்துத் தெருவுல போடு, ஊரு புடிக்கற தண்ணிய எங்கம்மாவும் புடிக்கட்டும்னாராம். வயசான அம்மா கொடத்த தூக்கணுமேன்னு எனக்கு இன்னிக்கும் அவர் மேல லேசா கோவம்தான்.

1954 ஏப்ரல்ல முதலமைச்சர் ஆனப்ப அவரு எம்.பி.தான், எம்.எல்.ஏ. கெடையாது. சொந்த ஊர விட்டுட்டு இடைத்தேர்தலுக்கு இங்க, குடியாத்தத்துக்கு வந்தாரு. பெரியாரும் திமுகவும்கூட ஆதரவு. எங்க நைனா போட்ட மொத ஓட்டே அதுதான், சாவற வரைக்கும் "நான் போட்ட ஓட்டுல வந்தவரு"ன்னு அலட்டிக்கிட்டே இருந்தாரு.

விருதுநகர்ல அவரு வீட்டு வாசல்ல வெயில் தாங்காம, பக்கத்து வீட்டம்மாகிட்ட தண்ணி கேட்டேன். எந்த ஊருன்னாங்க. குடியாத்தம்னேன். "எங்க ஐயா ஓட்டு கேட்டு வந்த ஊரா? உள்ள வாங்கண்ணாச்சி"ன்னு சொம்பு நெறைய மோர் குடுத்தாங்க, உப்பு கொஞ்சம் தூக்கல்.