ஊரும் சொல்கிறேன், பேரும் சொல்கிறேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

தலைப்பு, "அமெரிக்க வரலாற்றைத் திருப்பியவர்கள் தலைவர்களா, சாமானியர்களா?" சாமானியர்களே என்று பேச வந்திருக்கிறேன். சுதந்திரப் போர், பொருளாதாரப் பெருவீழ்ச்சி என்று நிறையக் குறித்து வைத்திருந்தேன். அதெல்லாம் இருக்கட்டும். எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டுக் கைத்தட்டல் வாங்கிப் போனாரே, அதற்குப் பதில் சொல்லாமல் நகர மாட்டேன். "அடிமை விடுதலைப் பிரகடனத்தில் இருப்பது லிங்கன் கையெழுத்தா, ஊர் பேர் தெரியாத எவனோ ஒருவன் கையெழுத்தா?" என்றார்.

ஐயா, ஊரும் சொல்கிறேன், பேரும் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள். ஊர், வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன். பேர், ஃபிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்சென்ட், ஷெப்பர்ட் மலோரி. மூவருமே அடிமைகள்.

1861 மே 23. அமெரிக்காவை விட்டுப் பிரிவோம் என்று வர்ஜீனியா வாக்களித்த நாள். அன்று ராத்திரி இந்த மூவரும் ஒரு சின்னப் படகில் ஏறித் துடுப்புப் போடுகிறார்கள். பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் படைக்குப் பீரங்கி மேடை கட்ட இவர்களைத்தான் போட்டு வாட்டியிருந்தார்கள். அடுத்து குடும்பத்தைப் பிரித்துக் கரோலினாவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அக்கரையில் மன்ரோ கோட்டை, அமெரிக்க அரசின் வடக்கத்தியப் படை. சேர்த்துக்கொள்வார்களா? எந்த உறுதியும் கிடையாது. ஓடிவந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் 1850-ஆம் வருடத்துச் சட்டம்!

ஆள் தேடி வந்துவிட்டது. தெற்கத்தியப் படை மேஜர் கேரி வெள்ளைக்கொடியோடு வந்து, "சட்டப்படி மூன்று பேரையும் கொடுங்கள்" என்கிறார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் வக்கீல். என்ன கேட்டார் தெரியுமா? "நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே! வேற்று நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிச் செல்லும்?" கேட்டாரா இல்லையா? இன்னொன்றும் சொன்னார். "இவர்களுடைய எஜமானரான உங்கள் கர்னல் இங்கே வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கட்டும், ஆட்களைக் கூட்டிப்போகட்டும்." வந்தாரா? வரவில்லை. எப்படி வருவார்!

பட்லர் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலை அவர் சொல்ல நேர்ந்ததே மூன்று பேர் துடுப்புப் போட்டதால்தானே? சேதி பரவியது. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர். திங்கட்கிழமை 47 பேர், கிழவர்களும் கைக்குழந்தைகளுமாக. அப்புறம் ஆயிரக்கணக்கில். ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே இதற்குச் சட்டம் போட வேண்டி வந்தது.

லிங்கன் எங்கே இருந்தார்? 1861 மார்ச்சில் பதவியேற்றபோது, அடிமைமுறை உள்ள மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணம் தமக்கு இல்லை என்றார். 1863 ஜனவரி 1-இல் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இடையில் அவர் கண்ணெதிரே என்ன நடந்தது? கோட்டை கோட்டையாக ஜனங்கள் வந்து நின்றார்கள். லிங்கனை நான் குறைத்துப் பேசவில்லை. அவரை அந்த மேசைவரை கொண்டுவந்தது யார் என்று கேட்கிறேன்.

இன்னொரு சங்கதி. 1619-இல் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கிய பாயின்ட் கம்ஃபர்ட்டில்தான் அந்தக் கோட்டை நிற்கிறது. 242 வருடம் கழித்து அதே மண்ணில் மூன்று பேர் தாமாக வந்து இறங்கினார்கள்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டீர்களே ஐயா, அடிமைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பது வர்ஜீனியாவில் குற்றம். அப்படி இருந்தும் அந்தக் கோட்டையை ஒட்டி ஒரு ஓக் மரத்தடியில் மேரி பீக் என்ற கறுப்பினப் பெண் பள்ளிக்கூடம் நடத்தினார். பகலில் பிள்ளைகள், சாயங்காலம் பெரியவர்கள். காசநோய் வந்து படுத்தும் அவர் பாடத்தை விடவில்லை. 1862 பிப்ரவரியில் இறந்துபோனார். அடுத்த வருடம் அதே மரத்தடியில் லிங்கனின் பிரகடனத்தை வாசித்தார்கள். கேட்க அந்தத் தாய் இல்லை.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும்போது லிங்கன் பேரைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேரி பீக் பேரையும் இந்த மேடையில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.