நிஃப்டி ஒன்றுதான், எந்த இடிஎஃப் வாங்குவது?

வணக்கம் நண்பர்களே. போன வாரம் என் தங்கை ஃபோனில் கேட்டாள்: "அண்ணா, ரெண்டுமே நிஃப்டி 50 இடிஎஃப்தான். ஒண்ணு யூனிட் 280 ரூபாய், இன்னொண்ணு பதினோரு ரூபாய். விலை கம்மியா இருக்கறதையே வாங்கிடட்டுமா?"

நிஃப்டி 50 என்பது 50 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைக் குறியீடு. அந்தப் பங்குகளை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு, தானும் ஒரு பங்குபோலச் சந்தையில் கைமாறும் ஃபண்டுதான் நிஃப்டி இடிஎஃப். யூனிட் விலையைப் பார்த்து முடிவெடுக்கவே வேண்டாம். பத்தாயிரம் ரூபாய்க்கு எதை வாங்கினாலும் அந்தப் பணம் அதே 50 நிறுவனங்களுக்குள், அதே விகிதத்தில்தான் போகிறது. மாதம் ஐந்நூறு ரூபாய் போடுகிறவர்களுக்குச் சின்ன யூனிட் வசதி, அவ்வளவுதான்.

அடுத்து எல்லோரும் பார்ப்பது செலவு விகிதம், அதாவது ஃபண்டு நிறுவனம் வருடாவருடம் எடுத்துக்கொள்ளும் கட்டணம். ஒன்றில் 0.05 சதவீதம், இன்னொன்றில் 0.10 என்று வைத்துக்கொள்வோம். லட்ச ரூபாய்க்கு வருடத்துக்கு ஐம்பது ரூபாய் வித்தியாசம். சரி, இப்போது உங்கள் புரோக்கர் ஆப்பில் வாங்குபவர், விற்பவர் விலைகளைத் திறந்து பாருங்கள். வாங்க வருபவர் 280 ரூபாய் கேட்கிறார், விற்பவர் 281.40 சொல்கிறார். இடைவெளி அரை சதவீதம். லட்ச ரூபாய்க்கு வாங்கி உடனே விற்றால் ஐந்நூறு ரூபாய் போய்விடும். செலவு விகிதத்தில் பத்து வருடம் மிச்சம் பிடிப்பது ஒரே நாளில் காலி!

அதனால் நான் முதலில் பார்ப்பது தினசரி வர்த்தக அளவு. ஃபண்டு எவ்வளவு பெரியது என்பது வேறு விஷயம். எஸ்பிஐ நிஃப்டி 50 இடிஎஃப் மிகப் பெரியது, ஆனால் அதில் பெரும்பகுதி 2015 ஆகஸ்ட் முதல் வருங்கால வைப்பு நிதி அமைப்பு போட்டுவரும் பணம். அந்தப் பணம் தினமும் சந்தைக்கு வந்து கைமாறுவதில்லை. 2001 டிசம்பரில் இந்தியாவின் முதல் இடிஎஃப்பாக வந்த நிஃப்டி பீஸில் சில்லறை முதலீட்டாளர்களின் வாங்கல் விற்றல் அதிகம், அதனால் இடைவெளி பொதுவாகச் சில பைசாதான் இருக்கும்.

அப்புறம் ஐஎன்ஏவி. ஃபண்டுக்குள் இருக்கும் பங்குகளின் அந்த நேரத்து மதிப்பு இது. ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்திலேயே சந்தை நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்காமல் நான் ஒருமுறை அமெரிக்கக் குறியீட்டு இடிஎஃப் ஒன்றை வாங்கினேன். உண்மை மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. குறியீடு ஏறியும் என் கணக்கு மாதக்கணக்கில் அசையவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏன் அப்படி ஆகிறது? இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டில் போடும் பணத்துக்கு மொத்தம் 700 கோடி டாலர் என்ற வரம்பு இருக்கிறது. வெளிநாட்டு இடிஎஃப்களில் போடுவதற்குத் தனியாக 100 கோடி டாலர். வரம்பு நிரம்பிவிட்டால் புது யூனிட் உருவாக்க முடியாது. இருக்கும் யூனிட்டுக்கே போட்டி, அதனால் விலை மதிப்பைத் தாண்டி ஓடுகிறது. நிஃப்டி இடிஎஃப்பில் இந்தத் தடை இல்லை. விலை விலகினால் மார்க்கெட் மேக்கர்கள் (இடிஎஃப்பைத் தொடர்ந்து வாங்கி விற்கும் பெரிய வர்த்தகர்கள்) புது யூனிட் உருவாக்கி விற்றுச் சரிசெய்துவிடுவார்கள்.

கடைசியாக, மூன்று வருட, ஐந்து வருட வருமானத்தைக் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். ஆனால் தொலைக்காட்சியில் காட்டும் நிஃப்டியோடு வேண்டாம், அதில் டிவிடெண்ட் சேராது. டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் நிஃப்டி 50 டிஆர்ஐ என்று இருப்பதோடு ஒப்பிட்டால்தான் ஃபண்டு எவ்வளவு பின்தங்கியது என்று தெரியும்.

தங்கையிடம் காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் அவசரப்படாதே, அரைமணி நேரம் போகட்டும், ஐஎன்ஏவியை ஒட்டி லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல் வாங்காதே என்று சொல்லும் ஆர்டர்) போடு என்றேன். நேற்று போட்டாள். பதினொன்றரை மணிக்கு, கேட்ட விலைக்கே கிடைத்தது.