ஜீரோ காட்டுதே, அப்புறம் ஏன் பாசி?

வணக்கம் மக்களே. களியக்காவிளையில் இருந்துதான் பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் மழை, தகர ஷீட்டில் அடிக்கிறது. இடவப்பாதி நல்லா பிடித்துக்கொண்டது. மைக்கைக் கிட்ட வைத்துக்கொள்கிறேன்.

பாறசாலையில் இருந்து ஒரு தம்பி மீனும் பவளமும் வளர்க்கிற தன் உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "அண்ணா, நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட் ஜீரோ. அப்புறமும் பாசி. என்ன மருந்து ஊற்றலாம்?" மார்த்தாண்டத்தில் இருந்து ஒரு அக்காவும் அதே கேள்வியைக் கேட்டார். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் பாசிக்கு உரம். தண்ணீரில் அவற்றை அளக்கிற டெஸ்ட் கிட்டில் ரெண்டு பேருக்கும் ரீடிங் ஒன்றுதான். ஆனால் தம்பியிடம் மீன் தீனியைக் குறைக்கச் சொன்னேன், அக்காவிடம் தீனியைக் கூட்டச் சொன்னேன். ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் தம்பியின் தொட்டி. பாறை முழுக்கப் பச்சை முடி. என் தொட்டியிலும் கொஞ்சம் இருக்கிறது, இதோ இந்த இடது மூலையில், தண்ணீரை ஓடவிடுகிற வேவ்மேக்கர் குழாய்க்குக் கீழே பாருங்கள். விரலால் இழுத்தால் வேரோடு வராது, நடுவில் அறுந்து கையோடு வரும். ஹேர் ஆல்கே என்கிறோமே, அதுதான். இவ்வளவு பாசி இருக்கிற தொட்டியில் டெஸ்ட் கிட் எப்படி ஜீரோ காட்டும்? தண்ணீரில் விழுகிற பாஸ்பேட்டை நாம் அளக்கும் முன்பே பாசி சாப்பிட்டுவிடுகிறது. மிச்சத்தைத்தான் கிட் அளக்கிறது. சாப்பாடு வந்துகொண்டே இருக்கிறது, தட்டு மட்டும் காலி.

அக்காவின் தொட்டி வேற கதை. பாறை சுத்தம், முடி இல்லை. மணல் மேலும் பவளம் மேலும் காப்பிப் பொடி நிறத்தில் சளி மாதிரி ஒன்று, நூல் நூலாகத் தொங்குகிறது, நுனியில் காற்றுக் குமிழி. காலையில் லைட் போடும் முன் பார்த்தால் பாதி காணாது, மத்தியானத்துக்குள் திரும்ப வந்துவிடும். இது டைனோஃப்ளாஜெல்லேட், சுருக்கமாக டைனோ. பாஸ்பேட்டை உறிஞ்சுகிற ரிமூவர் போட்டு, கழிவை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மரை முழுவேகத்தில் ஓட்டி, தீனியையும் சுருக்கி, தண்ணீரை உண்மையாகவே பட்டினி போட்ட தொட்டிகளில்தான் பெரும்பாலும் இது வருகிறது. இதோடு போட்டி போடுகிற மற்ற பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒடுங்கிவிடும். டைனோ ஒடுங்காது. இவற்றில் பல வகை ஒளியிலும் பிழைக்கும், அடுத்த உயிரைப் பிடித்துத் தின்றும் பிழைக்கும்.

ஆக கிட்டில் தெரிகிற ஜீரோ ஒன்று, அதற்குப் பின்னால் இருக்கிற நிலைமை ரெண்டு. நம்பரைப் பார்த்து மருந்து வாங்க ஓடாதீர்கள். முதலில் பாசியைப் பாருங்கள்.

டைனோதானா என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்யலாம். இதோ ஒரு சின்ன பாட்டில். சிரிஞ்ச் வைத்து அந்தச் சளியைத் தொட்டித் தண்ணீரோடு உறிஞ்சி இதில் விடுகிறேன். மூடி போட்டு நல்லா குலுக்குங்கள். நூலெல்லாம் உடைந்து தண்ணீர் டீத்தண்ணி நிறமாகிவிட்டது, தெரிகிறதா? இதை டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை மட்டும் ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து லைட்டுக்குக் கீழே வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போகட்டும். டைனோ என்றால் தனித்தனியாகப் பிரிந்த செல்கள் பேப்பரைத் தாண்டி வந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். தெளிவாக இருந்த தண்ணீரில் மறுபடியும் நூல் தொங்கும். ஹேர் ஆல்கே என்றால் பேப்பரிலேயே நின்றுவிடும், டம்ளரில் ஒன்றும் நடக்காது.

பிள்ளைகளின் மைக்ராஸ்கோப் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பேப்பரில் மடித்துச் செய்கிற ஃபோல்ட்ஸ்கோப்பும் போதும். கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு நுனி கூராக, ஒரே இடத்தில் கட்டிப்போட்டது போலச் சுற்றிக்கொண்டிருந்தால் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்கிற டைனோ வகை. முட்டை வடிவத்தில் சின்ன மூக்கோடு, மணலுக்குள் வழுக்கிக்கொண்டு திரிந்தால் ஆம்ஃபிடினியம் என்கிற இன்னொரு வகை. இது தெரிந்தால் உங்கள் காசு மிஞ்சும். ஆஸ்ட்ரியாப்சிஸ் ராத்திரி தண்ணீரில் மிதக்க வரும், தொட்டித் தண்ணீர் ஓடுகிற குழாயில் மாட்டுகிற யூவி லைட்டுக்குள் போய்ச் சாகும். ஆம்ஃபிடினியம் மணலை விட்டு வராது, அதற்கு யூவி வாங்கி மாட்டினால் கரண்ட் பில்தான் மிச்சம்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. ஆஸ்ட்ரியாப்சிஸ் விஷம் உள்ள சாதி. இதைத் தின்ற நத்தைகள் செத்துக் கிடக்கும். இத்தாலியில் ஜெனோவா கடற்கரையில் 2005 கோடையில் இது பெருகியபோது, அலைத்துளியை மூச்சில் இழுத்த 200 பேர் வரை இருமலும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொட்டியில் கை விட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். பாசி பிடித்த பாறையைக் கொதிக்கிற வெந்நீரில் போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாறையில் ஜோவாந்திட் என்கிற பூப்போன்ற உயிர் ஒட்டியிருந்தால் அதில் பாலிடாக்சின் என்கிற கொடிய விஷம் இருக்கலாம், ஆவியோடு மூச்சில் போனால் வீடே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும்.

சரி, டைனோவுக்கு என்ன செய்வது? பாஸ்பேட் ரிமூவரை எடுத்துவிடுங்கள். ஸ்கிம்மரைக் குறையுங்கள். தண்ணீர் மாற்றுவதைக் கொஞ்சநாள் நிறுத்துங்கள். தீனியைக் கூட்டி நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை கொண்டுவந்து அங்கேயே பிடித்து வையுங்கள். இடையில் கண்ணாடியில் பச்சை படரும். படரட்டும், அது நமக்கு வேண்டியதுதான். பச்சை வந்தால் டைனோவுக்கு இடம் குறைகிறது. அக்காவுக்கு இதைச் சொல்லி நம்பவைக்கவே எனக்கு முக்கால்மணி நேரம் ஆனது.

தம்பியின் முடிப்பாசிக்கு வருவோம். முதல் வேலை கையால் பிடுங்குவது, அதற்கு மாற்று இல்லை. பழைய டூத் பிரஷ்ஷை டியூபின் நுனியில் ரப்பர் பேண்டால் கட்டி, தேய்க்கத் தேய்க்க டியூப் உறிஞ்சிவிடும்படி செய்யுங்கள். சும்மா தேய்த்துவிட்டால் துண்டெல்லாம் பறந்து அடுத்த பாறையில் முளைக்கும். பாறையை வெளியே எடுக்க முடிந்தால், மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாசியில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டு, சில நிமிடம் கழித்து உப்புத் தண்ணீரில் அலசித் திரும்ப வைக்கலாம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், அதைச் சரிபாதி தண்ணீர் கலந்து 3 ஆக்கிக்கொள்ளுங்கள். கிளீனர் ஷ்ரிம்ப் இருக்கிற தொட்டிக்குள் நேரடியாக ஊற்றாதீர்கள்.

பிடுங்கின பின்னால் பாசிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். கிணற்றுத் தண்ணீரை வீட்டு ஆர்ஓவில் பிடித்து ஊற்றுகிறவர்கள் நிறைய. குடிக்கிற ஆர்ஓ மெஷின்களில் பலவும் ருசிக்காகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பக் கலக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் போட்டுப் பாருங்கள், 40, 60 என்று நிற்கும். நமக்கு வேண்டியது ஜீரோ, அதற்கு மிச்ச உப்பையும் பிடிக்கிற டிஐ ரெசின் வேண்டும். ரெசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிகேட், அதாவது பழுப்புப் பொடிப் பாசிக்கு வேண்டிய சத்து, அது டிடிஎஸ் மீட்டரில் தெரியாது. மீட்டர் ஜீரோ காட்டும்போதே கண்ணாடியில் பழுப்புப் பொடி படிய ஆரம்பித்தால் ரெசினைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்க உப்புப் பாக்கெட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் தெளிந்த தண்ணீர் கிடைத்தால் பரவாயில்லை. இப்போது வேண்டாம். நம் குழித்துறை ஆறு தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது, பக்கத்தில் பூவாறில் நெய்யாறு. மழையில் ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு குறையும், சிலிகேட்டும் சேற்றோடு வரும். அதோடு ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் மேற்குக் கரையில் ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறுகிறது, உரம் நிறைந்த தண்ணீர். வள்ளக்காரர்களுக்கு மத்தியும் அயிலையும் கிடைப்பதே அந்த உரத்தால்தான். அதைக் கேனில் பிடித்துத் தொட்டியில் ஊற்றினால் மத்தி வராது, பாசி வரும்.

தண்ணீர் சரி என்றால் அடுத்தது பாறை. பழைய தொட்டிப் பாறையை மலிவாக வாங்கினீர்களா? சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும். ரிமூவர் போட்டால் ரெண்டுநாள் இறங்கும், திரும்ப ஏறும், ஆள் வெறுத்துப்போவார். பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், ஒரேயடியாக ஜீரோவுக்குத் தள்ளினால் அக்காவின் தொட்டிதான். தொட்டிக்குக் கீழே இருக்கிற சம்ப் என்கிற துணைத் தொட்டியில் கீட்டோ என்கிற நல்ல பாசியை வளர்த்து, மேலே லைட் அணைந்த பின் அங்கே எரியவிட்டால், மேல்தொட்டிப் பாசி சாப்பிட வேண்டியதை அது சாப்பிடும். வாரம் ஒரு கைப்பிடி பிடுங்கி வெளியே போடுங்கள், அப்போதுதான் உரம் தொட்டியை விட்டு உண்மையிலேயே போகிறது.

புதுப்பாறை வேண்டும் என்றால் செராமிக் வாங்குங்கள். மன்னார் வளைகுடாப் பவளப் பாறை என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கல் பவளமும் கடல் விசிறியும் 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கிற பாதுகாப்பு. என் தொட்டியில் கல் எலும்பு இல்லாத மஷ்ரூம், லெதர், ஜோவாந்திட் மட்டும்தான்.

தொட்டியில் வருகிற மீதி மூன்றையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். புதுத் தொட்டியில் வருகிற பழுப்புப் பொடி டயட்டம், சிலிகேட் தீர்ந்தால் தானே போகும், கை வைக்காதீர்கள். சிவப்பு ஜமுக்காளம் மாதிரி உரிந்து வருவது சயனோ. அது பாசியே இல்லை, பாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் செத்த மூலையில் படரும். வேவ்மேக்கரைத் திருப்பி வையுங்கள், உறிஞ்சி எடுங்கள். எரித்ரோமைசின் போட்டால் போகும்தான், ஆனால் ஒரு மூலைக்காகத் தொட்டி முழுக்க ஆன்டிபயாட்டிக் ஊற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. இறகு மாதிரி நடுநரம்போடு இருந்தால் பிரையாப்சிஸ், அது பட்டினிக்கு மசியாது. அதற்கு மட்டும் ஃப்ளூகோனசோல் என்கிற பூஞ்சை மருந்து, லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராம் என்பது நம் ஹாபிக்காரர்கள் புழங்குகிற கணக்கு. ஃபில்டரில் இருக்கிற கார்பனை எடுத்துவிட்டு மருந்தைப் போட வேண்டும்.

படம் அனுப்புகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். காலையில் லைட் போடும் முன் டார்ச் அடித்து ஒன்று, சாயங்காலம் அதே இடத்தில் ஒன்று எடுங்கள். நீல லைட்டை அணைத்து வெள்ளையில் எடுங்கள், நீலத்தில் எடுத்தால் எந்தப் பாசியும் ஒரே நிறம்தான், கேட்டீங்களா. கூடவே கடைசியாக எப்போது ரிமூவர் மாற்றினீர்கள், மீன் எத்தனை, எவ்வளவு தீனி என்று எழுதுங்கள். ரீடிங் மட்டும் அனுப்பினால் நானும் உங்களைத் திரும்பக் கேள்விதான் கேட்பேன். கரண்ட் போகும்போல இருக்கிறது, லைட் மின்னுகிறது. இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன், வைக்கிறேன் மக்களே.