சித்தப்பா வெளியேறினார்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். இதற்கு மேல் விரிவாக வணக்கம் சொல்ல நேரமில்லை. மைக்கின் உயரத்தைச் சரி செய்வதிலேயே ஒரு நிமிடம் போய்விட்டது.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இன்றைய தொழில்நுட்பம் மனிதர்களை இணைக்கிறதா, பிரிக்கிறதா? நான் 'இணைக்கிறது' அணி. ஏன் இந்த அணி என்று கேட்காதீர்கள். எதிரணியில் இடம் காலியாக இல்லை.

நேராக எங்கள் சித்தப்பாவிடம் வருகிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நாற்பது பேருக்கு மேல். அதில் நாள் தவறாமல் செய்தி போடுகிற ஒரே ஜீவன் சித்தப்பாதான். விடிந்ததும் ஒரு ரோஜாப்பூ, அதன் கீழே 'இனிய காலை வணக்கம்'. மறுநாளும் ரோஜா. அதற்கு மறுநாளும் அதே ரோஜா. எல்லோரும் பார்ப்போம். 2014 நவம்பரில் நீல டிக் என்று ஒன்று வந்ததே, குழுவில் அத்தனை பேரும் பார்த்தால்தான் அது நீலமாகும். நீலமாகும். ஆனால் ஒருத்தர் பதில் போட மாட்டோம்.

பாவம் சித்தப்பா என்று நினைக்காதீர்கள். உலகத்தின் முதல் குறுஞ்செய்திக்கே அந்தக் கதிதான். 1992 டிசம்பர் 3, இங்கிலாந்து. நீல் பாப்வொர்த் என்ற 22 வயதுப் பொறியாளர் கணினியில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று தட்டி, வோடஃபோனில் இருந்த ரிச்சர்ட் ஜார்விஸின் கைபேசிக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. அந்தக் கைபேசியில் பதில் தட்டுகிற வசதியே கிடையாது. அவருக்கு வசதி இல்லை, எங்களுக்கு மனசு இல்லை.

ஒரு நாள் காலை ரோஜா வரவில்லை. அது வரவேண்டிய இடத்தில், நடுவில், பொடி எழுத்தில் ஒரு வரி. 'சித்தப்பா வெளியேறினார்.'

நான் அவர் எண்ணைச் 'சித்தப்பா' என்று சேமித்திருந்ததால் எனக்கு அப்படித் தெரிந்தது. என் அப்பா போனில் 'தம்பி வெளியேறினார்'. சித்தப்பா பையன் போனில் 'அப்பா வெளியேறினார்'. சித்தி போனில் எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். சித்தி அவரை என்ன பெயரில் சேமித்திருந்தார் என்பது குடும்ப ரகசியம்.

அவ்வளவுதான். சித்தப்பா போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் அத்தை. "தம்பி, அன்னைக்கு உன்னைப் பத்தி அண்ணிகிட்ட நான் சொன்னது கோபத்துல சொன்னதுடா. மனசுல வச்சுக்காதே." சித்தப்பா, "என்ன சொன்னே?" அத்தை போனை வைத்துவிட்டார். அடுத்து சித்தி தங்கை வீட்டுக்காரர். "அண்ணே, வாங்கின பணத்தை அடுத்த மாசம் கண்டிப்பா தந்துடுறேன். அதுக்காகக் குழுவை விட்டே போகணுமா?" சித்தப்பா அடியோடு மறந்துபோன கடன் அது! அடுத்து பெரியப்பா பையன் அழாத குறையாக, "சித்தப்பா, உங்க ரோஜாவைப் பார்த்து அந்தக் குழுவுல நாங்க சிரிச்சது உண்மைதான். தப்புதான்." சித்தப்பா ரொம்ப நிதானமாகக் கேட்டார். "எந்தக் குழுவுல?"

ஆமாம் நடுவர் அவர்களே, இன்னொரு குழு இருந்தது. அதே நாற்பது பேர், சித்தப்பாவைத் தவிர. குழுவின் பெயர் 'ரோஜா இல்லாத தோட்டம்'.

இவ்வளவுக்கும் சித்தப்பா கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை! கண்ணாடி போடாமல் எதையோ தட்டியிருக்கிறார். 'வெளியேறவா?' என்று அது கேட்டிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தைவிட்டு வெளியே வரச் சொல்கிறது என்று நினைத்து இவரும் தட்டிவிட்டார். இப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது. நாங்கள் மறுபடியும் சேர்த்தோம். மறு நிமிடம் வெளியேறினார். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு.

அன்று சாயங்காலம் யாரும் போன் பண்ணவில்லை. நேரில் போனோம். உட்கார இடமில்லை, பாதிப் பேர் மாடிப்படியில். அத்தையும் சித்தியும் ஒருத்தருக்கொருத்தர் முகம் பார்த்துப் பேசி எத்தனை வருஷமோ, அன்றைக்குப் பேசினார்கள். எல்லாம் அந்தப் பொடி எழுத்து ஒற்றை வரியால்.

எதிரணிக்கு ஓர் ஆயுதத்தை இலவசமாகத் தருகிறேன். 2022-ல் வாட்ஸ்அப் இதை மாற்றிவிட்டது. இப்போது வெளியேறினால் குழுவை நடத்துகிறவருக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். தொழில்நுட்பம் பிரிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. நீங்கள் மூன்று பேர் பேசினீர்கள், ஒருவரும் இதை எடுக்கவில்லையே!

எடுக்கவில்லை, ஏனென்றால் எதிரணிச் சகோதரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் பேசும்போது என்ன சொன்னார்? "எதிரில் உட்கார்ந்திருக்கும் இந்த அண்ணன், நான் பேசும்போது நாலு தடவை போனைப் பார்த்தார், ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. இவரா இணைப்பைப் பற்றிப் பேசப் போகிறார்?" கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். கையில் போன் இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

அம்மா, நாலு தடவை இல்லை, ஐந்து. ஐந்தாவது தடவை நீங்கள் குறிப்புச் சீட்டில் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். ஏன் பார்த்தேன் என்று சொல்கிறேன், பொறுங்கள். அதற்கு முன்னால், போனே இல்லாத காலத்தில் எல்லோரும் முகம் பார்த்துப் பேசினோம் என்றீர்களே, அதைக் கவனிப்போம். என் அப்பா காலையில் செய்தித்தாளை விரித்தால் எங்களுக்குத் தெரிவது பத்து விரல் மட்டும்தான். மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்க அதுதான் நல்ல நேரம். தாளுக்கு அடியில் அட்டையை நீட்டினால், ஒரு பேனா வரும், போட்டுவிட்டுப் போகும். கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண் அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. செய்தித்தாள் குடும்பத்தைப் பிரிக்கிறது என்று யாரும் பட்டிமன்றம் வைத்ததாக எனக்கு நினைவில்லை.

எதிரணியைப் பார்க்கவே இல்லை என்கிறீர்கள். கைபேசி பிறந்ததே எதிரணிக்காகத்தான் அம்மா! 1973 ஏப்ரல் 3. மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்றுகொண்டு, ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் கைபேசியிலிருந்து முதல் அழைப்பை யாருக்குப் போட்டார்? மனைவிக்கா? அம்மாவுக்கா? போட்டி நிறுவனமான பெல் ஆய்வகத்தில் இதே வேலையில் இருந்த ஜோயல் எங்கலுக்கு! 'உங்களை முந்திவிட்டோம்' என்று காட்டிக்கொள்ள! உலகத்தின் முதல் கைபேசி அழைப்பே ஒரு பட்டிமன்றம்தான்.

பெல் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1876 மார்ச் 10 அன்று அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசியில் பேசிய முதல் வாக்கியம், "வாட்சன், இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்." பாருங்கள், 'வா' என்றுதான் அந்தக் கருவி வாயைத் திறந்தது. ஆனால் அது 'வா' என்று சொன்னது எல்லோருக்கும் கேட்கவில்லை. மறு வருஷம் பெல் மணந்துகொண்ட மேபல், ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். பெல்லின் அம்மாவுக்கும் காது சரியாகக் கேட்காது. உலகத்துக்கே போன் கொடுத்தவருடைய வீட்டில், மணி அடித்தால் மனைவிக்குக் கேட்காது.

ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர் 1964-ல் தட்டச்சு எழுத்துகளைத் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்ப வழி செய்யும்வரை, 88 வருஷம் காது கேளாதவர்களுக்குப் போன் வெறும் பெட்டிதான். அப்படியானால் அத்தனை வருஷமும் தொழில்நுட்பம் பிரித்ததாகத்தானே அர்த்தம் என்று எதிரணி கேட்கலாம். தர்க்கப்படி உங்களுக்குத்தான் சாதகம். நான் தர்க்கத்தைவிட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டேன்.

எனக்கு ஒரு பள்ளித் தோழன். பிறவியிலேயே காது கேட்காது. பள்ளி முடிந்ததும் எல்லோரும் போனில் பேசிக்கொண்டோம். அவனுக்கு மட்டும் கடிதம் எழுத வேண்டும். எழுதினோம், பிறகு எழுதுவதாக இருந்தோம், பிறகு அதுவும் இல்லை. குறுஞ்செய்தி வந்த பிறகுதான் அவன் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தான்.

இப்போது அவன் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். வீடியோ அழைப்பில் இருவரும் சைகை மொழியில் பேசுவார்கள். சைகைக்கு இரண்டு கையும் வேண்டும் அல்லவா, அதனால் போனைத் தண்ணீர் டம்ளர்மேல் சாய்த்து வைத்துக்கொள்வான். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அறையில் ஒரு சத்தம் இல்லை, ஆனால் அப்படியொரு சண்டை நடக்கும்! கோபம் தலைக்கேறினால் அவன் கண்ணை மூடிக்கொள்வான். நாம் போனைப் பட்டென்று வைப்போமே, அதுபோலத்தான். இனி அவள் சொல்வது எதுவும் அவனைச் சேராது. மகள் சும்மா இருப்பாளா? செய்திமேல் செய்தி அனுப்புவாள். போன் அதிர்ந்து அதிர்ந்து டம்ளரிலிருந்து சரியும். பதறிப்போய்க் கண்ணைத் திறந்து பிடிப்பான். அவள் அங்கே சிரித்துக்கொண்டிருப்பாள். அப்புறம் எந்த அப்பனுக்குக் கோபம் நிற்கும்?

சகோதரி, நாலு தடவை போனைப் பார்த்தேனே, அத்தனையும் அவன் அனுப்பியது. இதே அரங்கில்தான் இருக்கிறான். பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலி ஒன்றை 2019-ல் கூகுள் வெளியிட்டது, லைவ் டிரான்ஸ்கிரைப் என்று பெயர். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிமித்ரி கனேவ்ஸ்கிக்கே காது கேட்காது. அதில்தான் இந்தப் பட்டிமன்றத்தை அவன் வாசித்துக்கொண்டிருக்கிறான். முதல் செய்தி: 'தலைப்பை இனிக்கிறதா என்று எழுதுகிறது, சரிதானா?' இரண்டாவது: 'அந்த அம்மா நன்றாகப் பேசுகிறார்.' மூன்றாவது: 'நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார், ஒரு எழுத்து பிசகவில்லை.' நாலாவது: 'நீ பேசப்போவதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.'

ஐந்தாவது, நான் மணி பார்த்தது.

நடுவர் அவர்களே, நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறீர்கள், இதோ அமர்கிறேன். யார் பக்கம் வேண்டுமானாலும் தீர்ப்பு சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை. சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, சகோதரியைப் போல நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். மூன்றாவது வரிசையில் ஒருவன் அதை வாசிக்க வேண்டும். வணக்கம்.