நின்ற இடமே பாட்டின் பொருள்: ஜோ வம்சத்து முன்னோர் வழிபாட்டில் பாடலும் ஆடலும்

நேயர்களுக்கு வணக்கம்.

சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகையான ‘ஷி ஜிங்’கில் 305 பாடல்கள் உள்ளன. கடைசிப் பகுதியில் வருபவை 40 துதிப்பாடல்கள். அவற்றில் 31 ஜோ வம்சத்தாருடையவை. இந்த 31 பாடல்களையும் ஏட்டில் மட்டும் படித்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முதல் பாடலான ‘சிங் மியாவ்’ எட்டே வரி. ஜோ வம்சத்து முன்னோரான வென் மன்னரின் புகழ் பாடுவது. பல பாடல்களில் இயைபுத் தொடையும் கிடையாது. காரணம், இவை படிப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. முன்னோர் கோயிலில் மணியும் முரசும் ஒலிக்க, பலியும் மதுவும் படைக்கும்போது பாடப்பட்டவை. சிலவற்றுக்கு ஆடலும் உண்டு. சடங்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரிகள் வாய் திறக்கும்.

‘சிங் மியாவ்’ எப்படிப் பாடப்பட்டது என்பதற்கு ‘லி ஜி’ என்னும் சடங்கு நூலில் குறிப்பு இருக்கிறது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மூவர் உடன் இழுத்துப் பாடுவார்கள். பக்கவாத்தியமான நரம்புக் கருவிக்குச் சிவப்பு நரம்பு. அதன் அடிப்பலகையில் அகலத் திறந்த துளை. பதப்படுத்திய பட்டு நரம்பில் ஒலி கனத்துத் தாழும், துளை அகன்றால் ஒலி நிதானமாக எழும் என்று ஹான் காலத்து உரையாசிரியர் ஜெங் ஷுவான் விளக்குகிறார். இவ்வளவு மெதுவாகப் பாடும்போது ஒரு வரியின் முடிவுக்கும் அடுத்ததன் முடிவுக்கும் இடைவெளி நீண்டுவிடும். இயைபு காதில் பிடிபடாது. ஆகவே அதைத் தேடவும் இல்லை என்பது 20-ஆம் நூற்றாண்டு அறிஞர் வாங் குவோவெய் சொன்ன காரணம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

வாசித்தவர்கள் பார்வையற்ற இசைஞர்கள். ‘யூ கூ’ என்ற பாடல் அவர்கள் கோயில் முற்றத்தில் வந்து நிற்பதில் தொடங்கி, கருவிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது: மணி தொங்கும் சட்டம், முரசு, கல் தகடுகள், குழல்கள். இசையைத் தொடங்கத் தட்டுவது ஒரு மரப்பெட்டி. நிறுத்தச் சுரண்டுவது, முதுகில் பற்கள் வெட்டிய மரப்புலி. சுருதி சேர்ப்பது தனிக் கலை. ‘காவ் கோங் ஜி’ என்ற கைவினை நூல் சொல்வதைக் கேளுங்கள்: கல் தகட்டின் சுருதி கூடியிருந்தால் அதன் முகப்பைத் தேய், குறைந்திருந்தால் முனையைத் தேய். கனம் குறைந்தால் சுருதி இறங்கும், நீளம் குறைந்தால் ஏறும், கணக்கு சரிதான். வெண்கல மணியிலோ, சுவர் தடித்தால் கல்லைத் தட்டினாற்போல ஒலிக்கும், மெலிந்தால் ஒலி சிதறும், வாய் குறுகினால் உள்ளேயே அடைபடும்.

இனி ஆடலுக்கு வருவோம். சுமார் கி.மு. 1046-இல் வென் மன்னரின் மகன் வூ மன்னர், அதுவரை ஆண்ட ஷாங் வம்சத்தை வீழ்த்தினார். அந்த வெற்றியை ஆடிக்காட்டுவது ‘தா வூ’. கையில் செந்நிறக் கேடயம், பச்சைக்கல் கோடரி. முதலில் நெடுநேரம் முரசு முழங்கும்; படை திரளுமா என்ற மன்னரின் கவலையைக் காட்டுவதற்காக. ஆடுபவர்கள் கேடயம் ஏந்தி மலைபோல அசையாமல் நிற்பார்கள். பிறகு மூன்று அடி வைத்துத் திசை காட்டுவார்கள். மொத்தம் ஆறு கட்டம். முதல் கட்டத்தில் வடக்கு நோக்கி நகர்வு. இரண்டில் ஷாங்கின் அழிவு. மூன்றில் தெற்கே திரும்புதல். நான்கில் தென்னாடுகள் வசப்படுதல். ஐந்தில் ஆட்சிப் பங்கீடு: அணி இரண்டாகப் பிரிந்து, இடப்பக்கம் வூ மன்னரின் தம்பி ஜோ கோமகன், வலப்பக்கம் அவரோடு ஆட்சி நடத்திய ஷாவ் கோமகன். ஆறில் எல்லோரும் பழைய இடத்துக்கே திரும்பி மன்னரைப் போற்றுதல். முடிவில் அனைவரும் மண்டியிடுவார்கள். போர் ஓய்ந்து ஆட்சி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ‘எண்ணற்ற நாடுகளில் அமைதி, ஆண்டுதோறும் நல்ல விளைச்சல்’ என்ற பாடல் வரி ஆறாம் பகுதியைச் சேர்ந்தது என்று ‘ஜூவோ ஜுவான்’ வரலாற்று நூல் தெளிவாகவே சொல்கிறது. வெறும் வாழ்த்தாகத் தோன்றும் அந்த வரி, ஐந்து கட்டப் போரும் பங்கீடும் முடிந்து வருகிறது என்று தெரிந்தால் எடை கூடிவிடுகிறது.

பிழைகளும் புகுந்தன. வலது முழங்காலைத் தரையில் ஊன்றி இடதைத் தூக்குவது ஏன் என்று கன்பூசியஸ் கேட்க, அது ‘தா வூ’ ஆடலின் மண்டியிடலே அல்ல என்கிறார், ‘லி ஜி’யில் அவரோடு இசை பற்றி உரையாடும் பின்மோ ஜியா. இசையில் ஷாங் மீது பேராசை தொனிக்கிறதே என்றதற்கு, இசை அதிகாரிகள் பாடத்தை இழந்துவிட்டார்கள் என்பது பதில். ஒரு முழங்கால் மாறினால் வெற்றியின் நோக்கமே மாறித் தெரியும். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

ஆடுபவர்களின் வரிசை எண்ணிக்கையிலும் அதே கண்டிப்பு. பேரரசருக்கு எட்டு வரிசை, குறுநில மன்னருக்கு ஆறு, அமைச்சருக்கு நான்கு, கீழ்நிலைப் பிரபுவுக்கு இரண்டு. எட்டு வரிசை என்றால் 64 பேர். ஆறுக்கு 36 பேரா, வரிசைக்கு எட்டாக 48 பேரா என்பதில் உரையாசிரியர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஜோ பேரரசருக்குக் கீழிருந்த குறுநிலமான லு நாட்டின் ஜி குடும்பத்தார் அமைச்சர்கள்தான்; ஆனாலும் தங்கள் முற்றத்தில் எட்டு வரிசை ஆடவைத்தார்கள். இதைப் பொறுத்தால் எதைத்தான் பொறுக்க முடியாது என்று கன்பூசியஸ் கொதித்தார். கி.மு. 517-இல் லு மன்னரின் முன்னோர் கோயிலில் வழிபாடு நடந்தபோது ஆட வந்தவர்கள் இரண்டே பேர் என்கிறது ‘ஜூவோ ஜுவான்’. மற்றவர்கள் எல்லாம் ஜி வீட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு மன்னர் ஜாவ் அந்தக் குடும்பத்தின் மீது படையெடுத்துத் தோற்று, நாட்டை விட்டு ஓடினார். கி.மு. 510-இல் அந்நிய மண்ணிலேயே இறந்தார்.